டோட் பூல் பணம் யாருக்கு எவ்வளவு? குதிரைப் பந்தய வரியும் பங்கீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் உரிமம் பெற்ற ரேஸ் கிளப்பின் டோட் கவுன்டரில் கட்டும் பணத்தைப் பற்றிய கேள்விகள் இவை. டோட் என்பது டோட்டலைசேட்டரின் சுருக்கம்: எல்லோருடைய பந்தயப் பணத்தையும் ஒரே தொகுப்பில், அதாவது பூலில், சேர்த்துப் பங்கிடும் முறை. எல்லாக் கணக்குகளிலும் ஒரு யூனிட் ரூ.10 என்றும் கிளப் கமிஷன் 20% என்றும் வைத்திருக்கிறோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்தான். உண்மையான கமிஷன் கிளப்புக்குக் கிளப், பூலுக்குப் பூல் மாறும். அந்தந்தக் கிளப்பின் டோட் விதிகளில் இருக்கும்.

டோட்டில் கட்டுவதற்கும் புக்கியிடம் கட்டுவதற்கும் என்ன வித்தியாசம்?

புக்கி, அதாவது தன் பொறுப்பில் பந்தயம் ஏற்கும் புக்மேக்கர், உங்களுக்கு ஒரு விலை சொல்கிறார். "நாலுக்கு ஒன்று" என்று எழுதிக் கொடுத்த பிறகு மொத்த ஊரும் அந்தக் குதிரை மேல் கட்டினாலும் உங்களுக்கு அதே விலைதான். நஷ்டம் வந்தால் அது அவர் பாடு.

டோட்டில் விலை சொல்ல ஆளே இல்லை. எல்லோருடைய பணமும் ஒரே பூலில் விழுகிறது. கமிஷனை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பங்கு போடுகிறார்கள். அதாவது நீங்கள் மோதுவது பக்கத்தில் நிற்பவரோடு, கிளப்போடு அல்ல. எந்தக் குதிரை ஜெயித்தாலும் கிளப்புக்குக் கமிஷன் ஒன்றே. 1860-களில் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் தொடங்கிய முறை இது. கையால் கூட்டிக்கொண்டிருந்ததை இயந்திரத்துக்கு மாற்றியவர் ஜார்ஜ் ஜூலியஸ். அவருடைய முதல் டோட்டலைசேட்டர் 1913-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், எல்லர்ஸ்லி மைதானத்தில் ஓடியது. முதலில் அவர் அதைத் தேர்தல் ஓட்டு எண்ணத்தான் யோசித்திருந்தார்.

வின் டிவிடெண்ட் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வின் என்றால் முதலில் வரும் குதிரையைச் சொல்வது. ஒரு ரேஸில் வின் பூலில் ரூ.5,00,000 சேர்ந்திருக்கிறது. 20% கமிஷன் ரூ.1,00,000 போனால் பங்குக்கு ரூ.4,00,000. ஜெயித்த 4-ம் எண் குதிரை மேல் கட்டியது ரூ.1,00,000, அதாவது 10,000 யூனிட். 4,00,000-ஐ 10,000-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ரூ.40. இதுதான் போர்டில் வரும் டிவிடெண்ட்.

இந்த 40-க்குள் நீங்கள் கட்டிய 10-ம் அடக்கம். கையில் லாபம் 30. புக்கி பாஷையில் இது மூன்றுக்கு ஒன்று. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்: புக்கி சொல்வது லாபத்தை மட்டும், டோட் காட்டுவது முதலையும் சேர்த்து.

கட்டும்போது போர்டில் 80 காட்டியது, கையில் வந்தது 30. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. போர்டில் ஓடுவது அந்த நொடி வரைக்குமான கணக்கு. பூலில் ரூ.2,00,000 இருந்தபோது உங்கள் குதிரை மேல் ரூ.20,000 இருந்தது: 1,60,000-ஐ 2,000-ஆல் வகுத்தால் 80. கடைசி இரண்டு நிமிடத்தில் இன்னும் ரூ.1,00,000 வந்து, அதில் ரூ.60,000 அதே குதிரை மேல் விழுந்தது. இப்போது 2,40,000-ஐ 8,000-ஆல் வகுக்க வேண்டும், 30. சின்ன பூலில் ஒரு பெரிய கை போதும், விலை சரிந்துவிடும். அதனால் வார நாள் ரேஸில் போர்டை நம்பிக் கடைசி நேரத்தில் ஓடுவது வீண். டெர்பி நாளில் பூல் பெரிது என்பதால் இந்த ஆட்டம் குறைவு.

டிவிடெண்ட் ஏன் எப்போதும் முழு ரூபாயாக இருக்கிறது? பைசா எங்கே போகிறது?

கீழ்நோக்கி முழுமையாக்குவார்கள். மேலே சொன்ன ரூ.4,00,000-ஐ 13,000 யூனிட்டுக்குப் பங்கு போட்டால் 30.76 வரும்; கொடுப்பது 30. யூனிட்டுக்கு எழுபத்தாறு பைசாதானே என்று தோன்றும். 13,000 × 30 = 3,90,000. ஒரே ரேஸில் ரூ.10,000 மிச்சம். இந்தச் சில்லறை பெரும்பாலும் கிளப் கணக்கில்தான் நிற்கும். எழுதிய கமிஷன் 20% என்றாலும், இந்த ரேஸில் உண்மையில் பிடித்தது 22%. டிவிடெண்ட் சிறிதாக இருக்கும்போதுதான் சில்லறை உறைக்கும்: 19.90-ஐ 19 ஆக்கினால் நாலரை சதவீதம் போச்சு, 499.90-ஐ 499 ஆக்கினால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

எல்லோரும் ஒரே ஃபேவரிட் (கூட்டம் அதிகம் நம்பும் குதிரை) மேல் கட்டி அதுவே ஜெயித்தால்?

ரூ.5,00,000 பூலில் ரூ.4,50,000 ஒரே குதிரை மேல் என்றால், 4,00,000-ஐ 45,000-ஆல் வகுக்க 8.88. ஜெயித்தும் போட்டதைவிடக் குறைவு! இதற்காகத்தான் பல நாட்டு டோட் விதிகளில் "கட்டிய தொகைக்குக் குறையாமல்" என்று ஒரு குறைந்தபட்ச வரம்பு வைத்திருப்பார்கள். குறைவதைக் கமிஷனிலிருந்து ஈடு செய்வார்கள். ஜப்பானின் மத்திய பந்தயக் கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், 100 யென்னுக்கு 100 மட்டும் திரும்பும் நிலை வந்தால் பெரும்பாலான வேளைகளில் 10 யென் சேர்த்து 110 ஆக்கித் தருகிறது.

பிளேஸ் பூல் கணக்கு மட்டும் ஏன் குழப்புகிறது?

பிளேஸ் என்றால் உங்கள் குதிரை முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும். குழப்பம், பங்கிட இரண்டு முறைகள் இருப்பதால். பிளேஸ் பூல் ரூ.3,00,000, கமிஷன் போக ரூ.2,40,000. முதல் மூன்று இடத்துக்கு வந்த குதிரைகள் மேல் முறையே ரூ.80,000, ரூ.40,000, ரூ.20,000 கட்டியிருக்கிறார்கள்.

முதல் முறையில் 2,40,000-ஐ மூன்று சம பங்காக்குவார்கள், ஆளுக்கு 80,000. டிவிடெண்ட் 10, 20, 40.

இரண்டாவது முறையில் முதலில் ஜெயித்தவர்களின் முதலைத் தனியே எடுத்து வைப்பார்கள், மொத்தம் 1,40,000. மிச்சம் 1,00,000 மட்டுமே லாபம். அதை மூன்றாக்கினால் தலைக்கு 33,333. டிவிடெண்ட் 14, 18, 26 என்று வரும்.

ஒரே ரேஸ், ஒரே பணம். ஃபேவரிட் மேல் கட்டியவருக்கு இரண்டாவது முறை நல்லது, அதிகம் பேர் கட்டாத குதிரையைப் பிடித்தவருக்கு முதலாவது. எந்த மைதானத்தில் எந்த முறை என்று தெரியாமல் பிளேஸ் கட்டுவது இருட்டில் கட்டுவது மாதிரி. இன்னொன்று, உங்கள் குதிரை வந்தால் மட்டும் போதாது. இரண்டாவது முறையில், அதோடு வந்த மற்ற இரண்டும் ஃபேவரிட்டாக இருந்தால் உங்கள் டிவிடெண்டும் குறையும்.

டெட் ஹீட் ஆனாலோ, குதிரை விலகினாலோ?

வின் பூலில் இரண்டு குதிரைகள் சமமாக வந்தால் பங்குத் தொகையை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ரூ.4,00,000-ல் ஆளுக்கு 2,00,000. ஒன்றன் மேல் 10,000 யூனிட் இருந்தால் 20, மற்றதன் மேல் 6,000 யூனிட் இருந்தால் 33.

ஸ்டார்ட்டருக்குக் கீழ் வராமல், அதாவது ரேஸைத் தொடங்கி வைப்பவரின் கட்டளைக்குள் வருமுன்பே, விலகிய குதிரையின் பணம் பூலிலிருந்து கழிக்கப்பட்டுத் திரும்பும். டிக்கெட்டைக் கிழித்துவிடாதீர்கள். தோற்றுவிட்டது என்று நினைத்து வீசிய டிக்கெட்டுகளில் ரீஃபண்ட் டிக்கெட்டுகள் எத்தனையோ.

ஜாக்பாட் எப்படிப் பங்கிடப்படுகிறது?

அடுத்தடுத்த ஐந்து ரேஸின் வெற்றிக் குதிரைகளைச் சொல்ல வேண்டும். கமிஷன் போக மிச்சத்தில் 70% முழுதாகச் சொன்னவர்களுக்கு, 30% முழுதாகச் சொல்லாமல் கிட்டத்தட்டச் சொன்னவர்களுக்கு ஆறுதல் பங்கு. பத்திரிகையில் ஜாக்பாட் முடிவுக்கு இரண்டு தொகை போடுவது இதனால்தான்.

பூல் ரூ.10,00,000 என்றால் பங்குக்கு 8,00,000. அதில் 5,60,000 முதல் பங்கு. 14 யூனிட் ஜெயித்தால் ஒன்றுக்கு ரூ.40,000. ஆறுதல் 2,40,000-ஐ 400 யூனிட்டுக்குப் பிரித்தால் ரூ.600.

ஒரு ரேஸுக்கு ஒரு குதிரை என்று கட்டுபவர்கள் குறைவு. 2, 3, 1, 2, 2 என்று குதிரைகளைச் சேர்த்தால் 2×3×1×2×2 = 24 யூனிட், ரூ.240. இதில் ஜெயிப்பது ஒரு யூனிட்தான் என்பதை மறக்கக் கூடாது. ஐந்திலும் ஃபேவரிட் வந்தால் நூற்றுக்கணக்கானோர் சொல்லியிருப்பார்கள், 240 கட்டி 180 வாங்கும் நிலை வரும். ஒரு ரேஸிலாவது கூட்டம் ஒதுக்கிய குதிரை வந்தால்தான் ஜாக்பாட்டுக்கு ஜாக்பாட் என்ற பெயர் பொருந்தும். மூன்று ரேஸ் வெற்றியாளர்களைச் சொல்லும் டிரெபிள், ஒரே ரேஸின் முதல் மூன்றைச் சொல்லும் டனாலா எல்லாவற்றுக்கும் தர்க்கம் இதேதான்.

ஜிஎஸ்டி எவ்வளவு? எதன் மேல்?

2025 செப்டம்பர் 22 முதல் 40%. அதற்கு முன், 2017 ஜூலையிலிருந்து 28%. மத்திய, மாநில அரசுகளுக்குச் சரிபாதி.

விகிதத்தைவிட முக்கியமானது, அது எதன் மேல் என்பது. பந்தயத்தின் முக மதிப்பு முழுவதன் மேல், அல்லது டோட்டலைசேட்டரில் செலுத்திய முழுத் தொகையின் மேல். கிளப்பின் கமிஷன் மேல் அல்ல. உங்கள் குதிரை ஜெயித்ததா தோற்றதா என்ற கேள்வியே எழாது. ரூ.100 கட்ட வேண்டுமென்றால் ரூ.140 எடுத்து வைக்க வேண்டும். "எல்லாம் உள்ளடக்கி ரூ.100" என்று டிக்கெட் விலை வைத்தால் பூலுக்குள் போவது ரூ.71.43 மட்டும். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு முகம். டிக்கெட்டில் எந்த முகத்தைக் காட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

புக்கியிடம் கட்டினாலும் முக மதிப்பு விதிதான். மைதானத்துக்குள் நுழையும் கட்டணமும் இப்போது 40% அடுக்கில்தான்.

கமிஷன் மேல்தான் வரி என்று நீதிமன்றம் சொன்னதாகக் கேள்விப்பட்டோமே?

சொன்னது. ஜிஎஸ்டிக்கு முன் பந்தய வரி மாநிலங்களின் கையில் இருந்தது. ஜிஎஸ்டி வந்தபின் 2018 ஜனவரியில் 31ஏ என்ற விதியைச் சேர்த்து, முழுத் தொகையும் வரிக்குரிய மதிப்பு என்றார்கள். பெங்களூர் டர்ஃப் கிளப் தொடுத்த வழக்கில் 2021 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, டோட் விஷயத்தில் அந்த விதி செல்லாது என்றார். பூல் பணத்தைக் கிளப் ஜெயித்தவர்களுக்காகக் கையில் வைத்திருக்கிறது. அதன் வருமானம் கமிஷன் மட்டும். ஆகவே வரியும் அதன் மேல்தான் என்பது வாதம். டோட் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது நியாயமாகவே படும்.

அரசு சட்டத்தையே திருத்தியது. 2023 அக்டோபர் 1 முதல் குதிரைப் பந்தயம், சூதாட்டக் கூடம், லாட்டரி, ஆன்லைன் பண விளையாட்டு எல்லாவற்றையும் ஒரே வகைக்குள் கொண்டுவந்தார்கள். 2021 தீர்ப்பைக் காட்டி இன்று கவுன்டரில் வாதாடினால் பலன் இல்லை.

அப்படியானால் நூறு ரூபாயில் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாக எவ்வளவு திரும்புகிறது?

ரூ.140 கொடுத்தால் 40 அரசுக்கு, 20 கிளப்புக்கு, 80 ஆட்டக்காரர்களுக்கு. நூற்றுக்கு மாற்றினால் அரசு 28.57, கிளப் 14.29, திரும்புவது 57.14.

ஒரு ரேஸோடு முடிந்தால் சரி. ரேஸ் நாளில் வந்ததைத் திரும்பக் கட்டுவதுதான் பழக்கம். சராசரி அதிர்ஷ்டம் உள்ளவர் ரூ.1,000-ஐ இப்படிச் சுழற்றினால் முதல் ரேஸுக்குப் பின் 571, அடுத்து 327, பிறகு 187, நான்காவது முடியும்போது 107. அதே 40% வரி கமிஷன் மேல் மட்டும் இருந்திருந்தால் 20 ரூபாய் கமிஷனுக்கு வரி 8; ரூ.108 கொடுத்து 80 திரும்பும். அதே ஆயிரம் 741, 549, 406, 301 என்று இறங்கும். அதே 40 சதவீதம்தான். அடித்தளம் மட்டும் வேறு. விகிதத்தைப் பற்றி நடக்கும் சண்டையில் பாதி இந்த அடித்தளத்தைப் பற்றி நடந்திருக்க வேண்டியது.

மற்ற நாடுகளில் எப்படி?

ஹாங்காங் முன்பு மொத்த விற்பனை மேல்தான் வரி போட்டது. பணம் சட்டவிரோதத் தரகர்களிடம் ஒழுகியது. 2006-ல், பரிசு கொடுத்தது போக மிஞ்சும் தொகை மேல் வரி என்று மாற்றினார்கள். விகிதத்தைக் கேட்டால் தலைசுற்றும்: 72.5 முதல் 75% வரை. ஆனால் வின் பூலில் மொத்தப் பிடித்தமே 17.5%. நூற்றுக்கு 82.50 ஆட்டக்காரர்களுக்குத் திரும்பும், சுமார் 12.70 அரசுக்கு, 4.80 கிளப்புக்கு. நம்முடைய 40%-ஐவிட அந்த 72.5% ஆட்டக்காரருக்கு எவ்வளவோ இலகு.

ஜப்பானில் டிக்கெட் வகைக்கு ஏற்ப ஆட்டக்காரர்களுக்குத் திரும்பும் பங்கு மாறும்: வின், பிளேஸ் 80%, முதல் மூன்றை வரிசையாகச் சொல்வது 72.5%, ஐந்து ரேஸ் வெற்றியாளர்களைச் சொல்லும் வின்5 70%. விற்பனையில் 10% நேராகத் தேசியக் கருவூலத்துக்கு. ஆண்டு முடிவில் மிஞ்சும் லாபத்தில் பாதியும் அங்கேயே.

ஜெயித்த பணத்தில் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) எப்போது பிடிப்பார்கள்?

ஒரே பரிவர்த்தனையில் வெற்றித் தொகை ரூ.10,000-ஐத் தாண்டினால் 30%. தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும். ரூ.40,000 ஜாக்பாட்டில் ரூ.12,000 போய் ரூ.28,000 கைக்கு வரும்.

2023 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை ஓராண்டின் மொத்த வெற்றித் தொகையைக் கூட்டிப் பார்த்தார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு பரிவர்த்தனை என்ற அளவுகோல். இதை "பத்தாயிரத்துக்குள் ஜெயித்தால் வரி இல்லை" என்று படிப்பவர்கள் நிறைய. தவறு. அங்கே பிடித்தம்தான் இல்லை, வரி உண்டு. ரூ.9,000 வீதம் பத்து முறை ஜெயித்தால் ரூ.90,000-ஐயும் நீங்களே கணக்கில் காட்டி வரி கட்ட வேண்டும்.

பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். தப்பான எண்ணில் ஏறிய டிடிஎஸ் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியாது. பிடித்த பணம் பிடித்ததுதான், வரவு மட்டும் கிடைக்காது.

ஆண்டு முழுக்கப் பார்த்தால் நஷ்டம். தோற்ற டிக்கெட்டைக் கழிக்க முடியாதா?

முடியாது. ரூ.2,00,000 ஜெயித்து ரூ.3,00,000 தோற்றவருக்கும் வருமானம் ரூ.2,00,000 என்றுதான் கணக்கு. 30% வரி 60,000, அதன் மேல் 4% செஸ் 2,400. கைநஷ்டம் ஒரு லட்சம், அதற்கு மேல் வரி ரூ.62,400. அடிப்படை விலக்கு வரம்பு கிடையாது, 80சி போன்ற கழிவுகளும் இந்த வருமானத்தைத் தொடாது. வேறு வருமானமே இல்லாத ஓய்வுபெற்றவருக்கும் இதே கணக்கு.

ஜப்பானில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருவர் 2007 முதல் 2009 வரை மென்பொருள் வைத்துச் சுமார் 287 கோடி யென்னுக்கு டிக்கெட் வாங்கி 301 கோடி யென் ஜெயித்தார். லாபம் சுமார் 14 கோடி. கேட்கப்பட்ட வரியோ அதைப் போலப் பல மடங்கு. தொடர்ந்து, பெருமளவில், லாப நோக்கோடு வாங்கியதால் தோற்ற டிக்கெட்டும் செலவுதான் என்று 2015 மார்ச் 10-ல் தீர்ப்பு வந்தது. சாதாரண ரசிகருக்கு அங்கேயும் அந்தச் சலுகை இல்லை.

வருமான வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

சஹஜ் எனப்படும் ஐடிஆர்-1 ஆகாது. சம்பளக்காரர் ஐடிஆர்-2-க்குப் போக வேண்டும். "பிற வருமானம்" பகுதியில், சிறப்பு விகித வருமானமாகக் காட்டுங்கள். டிடிஎஸ் 30% மட்டுமே பிடிக்கப்படுவதால் செஸ் பாக்கி நிற்கும்: ரூ.2,00,000-க்கு ரூ.2,400. "முழுவதும் பிடித்துவிட்டார்களே" என்று விட்டவர்களுக்குப் பிறகு நோட்டீஸ் வருவது இந்தத் தொகைக்குத்தான். மொத்த வருமானம் ரூ.50 லட்சத்தைத் தாண்டினால் கூடுதல் வரியும் சேரும்.

பாக்கி வரி ரூ.10,000 அல்லது அதற்கு மேல் வருமானால் முன்கூட்டி வரி கட்ட வேண்டும். எப்போது ஜெயிப்போம் என்று யாருக்கும் தெரியாது என்பதைச் சட்டமும் ஒத்துக்கொள்கிறது: ஜெயித்த பிறகு வரும் தவணைகளில் கட்டினால், முந்தைய தவணை தவறியதற்கு வட்டி இல்லை.

குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு என்று தீர்ப்பு இருக்கிறதே, பிறகு ஏன் இத்தனை வரி?

மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. தமிழ்நாட்டின் 1974-ம் ஆண்டுத் தடைச் சட்டத்திலிருந்து குதிரைப் பந்தயத்தைக் காப்பாற்றியது அந்தத் தீர்ப்பு. ஆனால் அது பதில் சொன்ன கேள்வி "சூதாட்டமா?" என்பது. வரிச் சட்டங்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. "குதிரைப் பந்தயம்" என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கின்றன. நீதிமன்றம் திறமை என்றது, வரிப் பட்டியல் லாட்டரிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது.

வெளியே தரகரிடம் கட்டினால் 40% மிச்சம்தானே?

மிச்சம் போலத் தெரியும். அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். ஜெயித்தபின் அவர் கைவிரித்தால் வழக்குப் போட வழி இல்லை. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. அதே பிரிவில் குதிரைப் பந்தயத்துக்கு ஒரு விலக்கு உண்டு, அதைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். அந்த விலக்கு, ஜெயித்த குதிரைக்குத் தரும் ரூ.500 அல்லது அதற்கு மேற்பட்ட பரிசுக்குத் திரட்டும் பணத்துக்கானது. நீங்கள் கட்டிய பந்தயத்துக்கு அல்ல.

குதிரை உரிமையாளருக்கும் இதே 30% தானா?

அவர் சொந்தக் குதிரை ஓடிப் பெற்ற பரிசுப் பணம் வேறு கணக்கு. தீவனம், பயிற்சியாளர், ஜாக்கி செலவுகளைக் கழிக்கலாம். நஷ்டம் வந்தால் நான்கு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம், ஆனால் பந்தயக் குதிரை வருமானத்தில் மட்டுமே ஈடுகட்ட முடியும். அதே உரிமையாளர் தன் குதிரை மேல் டோட்டில் கட்டி ஜெயித்தால், அந்தப் பணத்துக்கு மற்றவர்களைப் போலவே 30%.

115பிபி, 194பிபி என்ற பிரிவு எண்களைப் புதிய சட்டத்தில் தேடினால் கிடைக்கவில்லையே?

அவை 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எண்கள்: முதலாவது 30% வரிக்கு, இரண்டாவது டிடிஎஸ்ஸுக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் 2025-ம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவுகளுக்குப் புது எண்கள். 2026 மார்ச் 31 வரை ஜெயித்த பணத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்யும்போது பழைய எண்களையே பாருங்கள்.